உச்சிக்குக் கொஞ்சம் கீழே

“அண்ணா, உன் கால்ல விழறேன். இறங்கி வந்துடு!”

வாக்கி டாக்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள் தங்கை. தகரக் கூரையில் மழை அடிக்கிற அடியில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கரகரப்புக்கு நடுவே அண்ணன் பேசினான். “இன்னும் ஒரே ஒரு ஏத்தம்தான். இவ்வளவு தூரம் வந்துட்டு இப்போ போய் இறங்குன்னா எப்படி?”

“இடி இப்படி இடிக்குதே, அங்கே வானம் எப்படி இருக்கு?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. என்னால முடியும்.”

கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் அவன். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் பட்டனை அழுத்தி மேலே அனுப்புகிற மனுஷனுக்கு, தான் மட்டும் நடந்தே ஏற வேண்டும் என்று ஒரு பைத்தியம். போன வருஷம் இதே மலையில் பாதியில் திரும்பி வந்தான். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குப் பெயரே ‘பாதிமலை’. அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி வேறு யாரும் இல்லை, இந்தத் தங்கைதான்.

மலையடிவாரத்து விடுதிக்காரர் வாக்கி டாக்கியைக் கையில் வாங்கினார்.

“தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. மின்னல் வெட்டற நேரத்துல உச்சியில நிக்கவே கூடாது. உடனே இறங்குங்க.”

“நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? காலையில இருந்து ஆளாளுக்கு வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்றீங்க. பாதிமலைன்னு கூப்பிட இந்தத் தடவை எவருக்கும் வழி வைக்கப்போறதில்லை!”

தங்கைக்குச் சுருக்கென்றது. சும்மா விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு, எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள்! பாய்ந்து வாங்கினாள்.

“இனிமே சத்தியமா அப்படிக் கூப்பிட மாட்டேன். அம்மாவை நினைச்சுப் பாருண்ணா. வந்துடுண்ணா.”

“அழாதே. ஏறிட்டு வந்து பேசறேன்.”

இத்தனை கூத்துக்கும் அண்ணி வாயே திறக்கவில்லை. அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் புருஷன் நேற்று நனைத்துக்கொண்டு வந்த சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கல்லு மாதிரி நிக்கறீங்களே அண்ணி! நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அண்ணி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டாள்.

“என்னங்க, நான்தான்.”

“நீயும் வேண்டாம்னுதானே சொல்லப்போறே?”

“இல்லை. ஏறணும்னு தோணினா ஏறுங்க. இனிமே இங்கேயிருந்து ஒருத்தரும் உங்களைத் தடுக்க மாட்டோம். உங்க இஷ்டம்.”

அவ்வளவுதான். வாக்கி டாக்கியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“அடிப்பாவி!” என்று வாய்வரை வந்ததைத் தங்கை விழுங்கினாள். “அண்ணி, உங்களுக்கென்ன புத்தி கித்தி பிசகிடுச்சா? குடுங்க இப்படி!”

“தர மாட்டேன்.”

பிடுங்கிப் பார்த்தாள். அண்ணியின் பிடி உடும்புப் பிடியாக இருந்தது.

“கட்டின புருஷனைச் சாகப் போன்னு அனுப்பற பொம்பளையை இன்னிக்குத்தான் பார்க்கறேன்! எங்கம்மா கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?”

விடுதிக்காரரும் தலையில் அடித்துக்கொண்டார். “சொல்லக்கூடாததைச் சொல்லிட்டீங்களேம்மா.”

“கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க,” என்றாள் அண்ணி.

பேசவில்லை. மின்னல் அடித்து அறை முழுக்க வெளுத்து அடங்கியது. வாக்கி டாக்கியில் மூச்சுப் பேச்சு இல்லை. ஏறிக்கொண்டிருக்கிறானா, விழுந்துவிட்டானா, ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், இந்த ஜென்மத்தில் இவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள்.

கரகரவென்று சத்தம் வந்தது.

“கேக்குதா? இங்கே நிலைமை சரியில்லை. மேலே ஒரேயடியா கருத்துக்கிட்டு வருது. தலைமுடியெல்லாம் குத்திட்டு நிக்குது, கையில இருக்கற இரும்புக் கம்பு ரீங்காரம் போடுது. இது வேலைக்காகாது. நான் இறங்கறேன். வெந்நீர் போட்டு வை.”

தங்கை ஓடிப்போய் அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்தை ஏற்றினாள்.

அவன் இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பூமியே பிளந்த மாதிரி ஒரு இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விடுதிக்காரர் எட்டிப் பார்த்து, “உச்சியிலதான் விழுந்திருக்கு,” என்றார். மறுபடி குரல் வருகிறவரை மூன்று பேருக்கும் உயிர் உயிராக இல்லை.

“இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். பயப்படாதீங்க.”

பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தான். பல் கிடுகிடுக்க வெந்நீரைக் குடித்தான். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவன் அடுத்த நிமிஷம் தூங்கிப்போனான்.

தங்கை அடுப்பங்கரைக்கு வந்தாள். அண்ணி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கன்னாபின்னான்னு பேசிட்டேன், மன்னிச்சுடுங்க அண்ணி. ஆனா, எந்தத் தைரியத்துல ஏறுங்கன்னு சொன்னீங்க? நிஜமாவே ஏறியிருந்தா?”

“தைரியமா? எனக்கு உசிரே போயிடுச்சு.” அண்ணி குழாயை மூடினாள். “வேண்டாம் வேண்டாம்னு நாம கத்தினவரைக்கும் அவர் நம்மளோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். நாம வாயை மூடினப்புறம்தான் மனுஷன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்.”