புதுக் கார்டும் பழைய பயமும்

'க்ர்ர்ர்... கீச்.'

யாரோ பழைய கதவை மெள்ளத் திறக்கிற சத்தம். இருட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினேன். அடுத்து, மரத்தரையில் காலடிச் சத்தம்.

கையில் கிடைத்த கரண்டியோடு அறைக்குள் ஓடினேன்.

கம்ப்யூட்டர் முன்னால் என் கணவரும் ஏழு வயது மகளும் ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை வேறு அணைத்திருந்தார்கள். திரையில் ஆளில்லாத ஓர் இருட்டு வீடு.

"பேய் விளையாட்டா? அதுவும் இவளை வச்சுக்கிட்டா?"

பேயெல்லாம் இல்லை, காலி வீட்டில் டார்ச் அடித்துச் சாவி தேடுகிற விளையாட்டுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காலையிலிருந்து கம்ப்யூட்டரின் வயிற்றைப் பிளந்துவைத்துக்கொண்டு திரையில் படம் காட்டுகிற புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியது இந்தக் கண்றாவிக்குத்தானா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் பள்ளியில் இரவு தங்கும் இரண்டு நாள் முகாம். 'தனியாகக் கழிப்பறைக்குப் போவாரா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'ஆம்' போட மனசு வராமல் நாலு நாளாக அது அப்படியே கிடக்கிறது. படிவம் கொடுக்க நாளை கடைசி நாள். மகளோ போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

ஆனால் இருட்டிவிட்டால் இந்த வீட்டில் அவள் பாத்ரூம் கதவைச் சாத்தியதே இல்லை. மற்ற நாட்களில் இவர் வேலை முடிந்து வர ஒன்பதாகும். அதுவரை நானும் அவளும்தான். அவள் கதவைப் பாதி திறந்து வைத்திருப்பாள். அடுப்பில் எது பொங்கினாலும் நான் வெளியே காவல் நிற்க வேண்டும்.

"ஏற்கெனவே பயந்தாங்கொள்ளி. நீங்க இன்னும் பயமுறுத்துங்க, முகாமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு வீட்டோட கிடக்கட்டும்."

அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அஞ்சு நிமிஷம் உக்காரு. அப்புறம் திட்டு."

மகள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு மவுஸைக் கையில் திணித்தாள். திரையில், அறையின் மூலையில் ஓர் ஆள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ணத் திறம்மா. கிட்டப் போய் லைட் அடி."

ஆணியில் தொங்கும் மழைக்கோட்டு. நாலு பட்டன், அதில் ஒன்று நூலில் ஆடிக்கொண்டிருந்தது. பழைய கார்டில் எல்லாம் கரி பூசினாற்போல இருக்கும், தனக்கே ஆள் மாதிரிதான் தெரிந்தது என்றார் அவர்.

கட்டிலுக்கடியில் பதுங்கியிருந்தது ஒற்றைச் செருப்பு. கதவுக்குப் பின்னால் நின்றது துடைப்பம். நாலாவது அறையை யாரும் சொல்லாமல் நானே திறந்தேன். உள்ளே ஒரு நாற்காலி. அதைப் போய் "யாரு?" என்று கேட்டுத் தொலைத்தேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் பாத்ரூமுக்கு எழுந்தாள். வழக்கம்போலப் பின்னாலேயே போனேன். கதவருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பத் தனியா நின்னுப்பியாம்மா?"

"யாருடி, நானா?"

"கதவைச் சாத்துனா நீ வெளிய பயந்துக்குவியே, அதான் இத்தனை நாளும் திறந்தே வச்சிருந்தேன். நான் முகாமுக்குப் போயிட்டா அம்மாவுக்கு யார் துணைன்னு அப்பாகிட்ட கேட்டேன். எல்லாம் தெளிவாத் தெரிஞ்சா பயம் போயிடும்னு சொல்லித்தான் அப்பா கார்டு மாத்தினாங்க."

நின்னுப்பேன் என்று தலையை ஆட்டினேன்.

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.