சிங்கப்பூரைக் கேட்காமல்

"ஏளா ஜாஸ்லின், ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுதேன். அந்தாளு என்ன கேட்டாலும் 'எல்லாம் சிங்கப்பூரக் கேட்டுத்தான் சார் செய்தோம்'னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த பேசிராத."

காலையிலிருந்து தேவபிரசாதத்துக்கு இதே பாட்டுதான். தூத்துக்குடியில் கணவாயும் இறாலும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கு அவர் மேனேஜர். முதலாளிக் கம்பெனி இருப்பது டென்மார்க்கில். நடுவில் சிங்கப்பூரில் ஓர் ஆபீஸ். இங்கே சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் அங்கே மெயில் போட்டு அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி.

"என்னைக்கு அண்ணாச்சி வாங்கியிருக்கோம்?" என்றாள் ஜாஸ்லின். கொள்முதல் முழுக்க அவள் பொறுப்பு.

"வாங்குனோம்னு சொல்லு! ஆசியாவுல ஒரு எடத்த மூடப் போறாவளாம். எத மூடலாம்னு ஆராய்ச்சி பண்ணத்தான் சிங்கப்பூர் மேனேஜரே நேர்ல வாராரு. நாம கேக்காமச் செஞ்சது தெரிஞ்சா மொதப் பூட்டு நமக்குத்தான். அறுநூறு பொம்பளைய வேல பாக்காவ. அம்புட்டுப் பேரையும் ரோட்டுல நிறுத்தீராத தாயி."

வந்தவர் பெயர் செல்வின். பூர்வீகம் பக்கத்திலிருக்கும் நாசரேத்துதான். ஆனால் ஊர்க்காரரைப் பார்த்த சிரிப்பு ஒன்று மரியாதைக்காவது வர வேண்டுமே, ம்ஹூம். வைத்த டீ ஆறிக்கொண்டிருக்க, லேப்டாப்பைத் திறந்தார்.

"கணவாய்க்கு என்ன விலைன்னு யார் முடிவு பண்றது?"

"சிங்கப்பூர்தான் சார்" என்றார் தேவபிரசாதம். மீன்பிடித் துறைமுக ஏலத்தில் நின்று ஜாஸ்லின் கண்ணிமைக்கும் நேரத்தில் விலை முடிப்பது ஊருக்கே தெரியும்.

"ஆள் எடுக்கிறது?"

"அதுவும் சிங்கப்பூர்தான் சார்."

"ஐஸ் மெஷின் நின்னு போனா?"

"ஒடனே ஒங்களுக்கு மெயில் போட்டுருவோம் சார். பதில் வந்த பொறவுதான் ஸ்க்ரூவயே தொடுவோம்."

அட மனுஷா, புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா! ஜாஸ்லின் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்போ எங்க ஆபீஸ் இல்லேன்னா இந்த ஃபேக்டரி ஓடாது. அப்படித்தானே?"

"ஒரு நாள்கூட ஓடாது சார். நீங்கதான் எங்களுக்குத் தாய் தகப்பன்."

செல்வின் நீளமாக மூச்சு விட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லது. அப்படியே எழுதிடறேன். கடைசியா ஒண்ணு. டிசம்பர் வெள்ளத்துல ஊரே மூழ்கிச்சு. ஆனா நம்ம சரக்கு மட்டும் கெடவே இல்ல. எப்படி?"

"எல்லாம் சிங்கப்பூர் சொன்னபடி..." என்று தேவபிரசாதம் ஆரம்பிப்பதற்குள் ஜாஸ்லின் எழுந்துவிட்டாள்.

"இதுக்கு மேல என்னால முடியாது அண்ணாச்சி. சார், அம்புட்டும் பொய். கரண்டு இல்ல. ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. அனுமதி கேட்டு மெயில் போட்டேன். ஒங்க ஆபீஸ்ல என்ன சொன்னாவ தெரியுமா? மூணு கடையில கொட்டேஷன் வாங்கி அனுப்பணுமாம்! பச்சப் புள்ளைக்குப் பால் பாக்கெட் கெடைக்கல, கொட்டேஷனுக்கு நான் எங்க போவேன்? எங்க தெரு மரியான் அண்ணன்தான் ரோட்டுல வள்ளத்த ஓட்டி டீசல் கேன் கொண்டாந்தாவ. உசுரக் குடுத்துக் கொண்டாந்தது சார். அதுல ஒங்க ஆபீஸ் பேர எழுதாதீய."

செல்வின் முகம் வெளிறிப் போனது.

"அப்ப விலை முடிவு பண்றது?"

"நான்தான். ஏலத்துல நின்னுக்கிட்டு யாருக்கு மெயில் போட?"

"ஆள் எடுக்கிறது?"

"இந்தா, அண்ணாச்சிதான். ஒங்களுக்குப் பின்னால தெரிவிப்போம், அவ்வளவுதான்."

தேவபிரசாதம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மேடம்..." செல்வினின் குரல் இறங்கிவிட்டது. "இத எழுதினா ஒருத்தர் வேலை போயிடும். நல்லா யோசிச்சுக்குங்க. நீங்க மாத்திச் சொன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஜாஸ்லின் வீட்டை நினைத்துப் பார்த்தாள். மகள் டெல்பின் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான்.

"போனாப் போவட்டும் சார். எழுதுங்க. கேக்காமச் செஞ்சது நான். அந்தப் பொம்பளையள மட்டும் ஒண்ணும் செஞ்சிராதீய."

செல்வின் முதலில் எழுதியதையெல்லாம் அழித்தார். மறுபடி எழுதினார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே எழுதி, டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார்.

"மூடுறது எப்ப சார்?" என்று கேட்டார் தேவபிரசாதம்.

"அடுத்த மாசம்."

"கெடுத்துட்டியே ஏளா!" என்று தேவபிரசாதம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜாஸ்லின் வாய்விட்டே அழுதாள். அறுநூறு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்வின் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஜெமி, நாசரேத் வீட்டுல குடியிருக்கவங்களக் காலி பண்ணச் சொல்லிரு, நாம ஊருக்கே வந்துருவோம். இந்த ஃபேக்டரி, இல்லேன்னா நம்ம சிங்கப்பூர் ஆபீஸ், ரெண்டுல ஒண்ண மூடுவோம்னு டென்மார்க்குல சொன்னாங்கல்ல... இவங்களுக்கு நாம தேவையே இல்லன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்."