சுவரில் ஒட்டிய கண்ணாடி

கோட்டையை ஒட்டிய பழைய தெருவில் ஒரு வீடு இருந்தது. அதை நூலகமாக்கலாமா, இடித்துவிடலாமா என்று பார்க்க வந்த இன்ஜினியர் செண்பகவல்லி, விரிசல் விட்ட சுவரின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார்.

"தேரோட்டம் முடியறவரைக்கும் இது உடையலேன்னா நூலகம். உடைஞ்சா, விரிசல் இன்னும் வளருதுன்னு அர்த்தம். இடிக்க வேண்டியதுதான்."

சுவருக்குப் பகீரென்றது. "தம்பி, உன் கையிலதான் என் உயிர் இருக்கு."

"என் கையில என்ன இருக்கு? நீங்க ஆடாம இருங்கண்ணே!" என்றது கண்ணாடி.

தேர் வந்தது. தெருவே அதிர்ந்தது. வருஷா வருஷம் மேளத்தோடு சேர்ந்து குலுங்கிப் பழகிய சுவர், இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் செண்பகவல்லி வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"கீறல்கூட இல்லை! நூலகந்தான்!" என்று கூவிக்கொண்டே படியிறங்கினார்.

சுவருக்கு அடிமுதல் உச்சிவரை புல்லரித்தது. உள்ளே செங்கல் ஒவ்வொன்றும் துள்ளப் பார்த்தது.

"அண்ணே, அண்ணே!" என்று பதறியது கண்ணாடி. "தேருக்கே அசையலையே, இப்ப ஆடிக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க! அந்தம்மா தெருமுனை தாண்டட்டும்."

"தெருமுனை வரைக்குமா?" என்று தவித்தது சுவர். "கொஞ்சம் சீக்கிரம் நடக்கச் சொல்லுடா, தம்பி!"