கரடியின் புருவம்

"யாரோ என் ஜாய்ஸ்டிக்ல கை வைக்கிறாங்க சார்! எனக்கு நல்லாத் தெரியும்!"

காலையிலேயே மேனேஜர் அறை வாசலில் நின்று அக்கா போட்ட சத்தத்தில், ஸ்டூடியோவில் பாதிப் பேர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள். மீதிப் பேர் கழற்றாமலே கேட்டார்கள்.

அக்கா என்றால் ஸ்டூடியோவுக்கே அக்கா. கார்ட்டூன் படத்தின் நாயகனான கரடிக்குட்டியை நடிக்க வைப்பவள். அவள் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் திரையில் கரடியின் புருவம் ஏறும். சட்டென்று தாவாது. தள்ளத் தள்ளக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஏறும். விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

படியில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டவள், கட்டைப் பிரித்து வேலைக்குத் திரும்பி ஆறு வாரம்தான் ஆகிறது. "பழைய பலம் வர்றது சந்தேகம்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்த புதிதில் டீ கப்பைக்கூட இடது கையால்தான் தூக்கினாள்.

"வந்த அன்னிக்குத் தொட்டாப் போதும், கரடி சொன்ன பேச்சு கேட்டுச்சு. இப்போ அழுத்தித் தள்ள வேண்டியிருக்கு. நாளுக்கு நாள் மோசமாகுது சார். எனக்குக் கை போச்சுன்னு காட்டி, கரடியை வேற ஆளுக்குக் கொடுக்கப் பார்க்கிறாங்க!"

அழுகையை அடக்கிக்கொண்டு அவள் காட்டியது மூலை மேஜையை. அங்கே இருந்தவர் முனிவர். ஜாய்ஸ்டிக்குக்கு புரோகிராம் எழுதியவர். லேசில் வாயைத் திறக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

"தினமும் நான் வர்றதுக்கு முன்னாடி இவர் என் சீட்ல உட்கார்றாராம். கூட்டுற அம்மா பார்த்திருக்காங்க!"

மேனேஜர் திரும்பினார். "என்னங்க இது? அவங்க மெஷினைத் தொட்டீங்களா?"

"தொட்டேன் சார்."

"எப்போ?"

"தினமும்."

சுற்றி நின்றவர்கள் 'ச்சே' என்றார்கள். பழம் மாதிரி இருந்துகொண்டு இந்த வேலையா!

"பழையபடி வைங்க சார்! நான் வந்த முதல் நாள் எப்படி இருந்துச்சோ, அப்படியே வைங்க!"

முனிவர் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்து, அவள் மெஷினில் ஒரு எண்ணைத் தட்டினார். அக்கா உட்கார்ந்து வழக்கம்போல ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள்.

கரடியின் புருவம் நெற்றியைத் தாண்டி, காதையும் தாண்டி, திரையை விட்டே ஓடிப்போனது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கிண்டலா சார்?"

"இல்லம்மா. முதல் நாள் வச்ச நம்பர் இதுதான், நாற்பது. அன்னிக்கு உங்க விரல்ல தொடுற அளவுக்குத்தான் தெம்பு இருந்துச்சு. அதான் லேசாத் தொட்டாலே வேகமா ஏறுற மாதிரி வச்சேன். அப்புறம் தினமும் ஒண்ணு குறைச்சேன்."

முனிவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"இன்னிக்குக் காலையில எவ்வளவு?" என்றார் மேனேஜர்.

"பத்து."

"நாற்பது எங்கே, பத்து எங்கே! கை சரியில்லாதவங்களுக்கு இது அநியாயம் இல்லையா?"

முனிவர் பக்கத்து மெஷினின் திரையைத் திருப்பிக் காட்டினார். அதற்கு அடுத்ததையும்.

"எல்லாருக்கும் பத்துதான் சார். விழுறதுக்கு முன்னாடி இவங்களுக்கும் பத்துதான்."

அக்கா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சார் சொல்லலை?"

"சொன்னா கரடியை விட்டுட்டு நம்பரையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க."

அக்கா எழுந்து, நன்றி, மன்னிப்பு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மெதுவாம்மா..." முனிவர் முகம் சுளித்தார். "வலிக்குது."