கமருன்னிஸாவின் வாத்துகள்

போன தை மாதம் சுவாமிமலைக்குப் போக, பூதலூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது எனக்குத் தங்கை முறையான பொன்னுத்தாய் சொன்னது இது.

அவள் வீட்டுக்காரர் மருதையனுக்குச் சர்க்கரை. கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது, மனசுதான் ஆறவில்லை. சுவரைப் பார்த்தே படுக்கை. மருந்தைக் கையில் கொடுத்தாலும், "இனி எதுக்கு?" என்பார்.

கார்த்திகை முழுக்க விடிந்ததும் ஒரே கூத்துதான்.

"இங்க பாருங்க, கமருன்னிஸா வாத்தெல்லாம் நம்ம வயல்ல இறங்கிருச்சு. எந்திரிங்க!"

"நீயே போய் விரட்டு."

"என் பேச்சை அதுங்க கேக்குமா? நீங்க வந்து ஒரு சத்தம் போடுங்க."

முனகிக்கொண்டே மெத்துச் செருப்பை மாட்டுவார். கொல்லையைத் தாண்டினால் வயல். பனியில் தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியாது. அதற்குள்ளிருந்து வாத்துகள் கனவில் வருகிற மாதிரி மிதந்து வரும்; பின்னாலேயே அதை மேய்க்கிற கமருன்னிஸா.

"ஏம்மா கமருன்னிஸா, உன் வாத்துக்கு ஊர்ல வேற வயலே இல்லையா?"

"உங்க வயல்தான் ருசியாம்ண்ணே!"

வரப்பில் உட்கார்ந்து திட்டுவார். திட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறும். பசிக்கும். சாப்பிட்டால் மாத்திரையும் உள்ளே போகும்.

"சீக்காளி மனுஷனை இப்படியா இழுத்தடிப்பா? அந்த வாத்துக்காரிக்காவது வெக்கம் வேணாம்?" என்று தெருவே பேசியது.

"ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னதுதான்க்கா," என்றாள் பொன்னுத்தாய் என்னிடம். "'மனசுக்கும் டாக்டரைப் பாருங்க. தினம் அவரால முடிஞ்ச ஒண்ணை அவரையே செய்ய விடுங்க, நீங்க கூட நில்லுங்க'ன்னாங்க. டாக்டர்கிட்டயும் போனோம். வாத்து விஷயம் நானும் கமருன்னிஸாவும் பேசி வச்சுக்கிட்டது."

எனக்கு ஒரு சந்தேகம்.

"ஏன்டி, வேர் பிடிச்ச நடவுல வாத்து இறங்கினா நல்லதுதானே? பூச்சியைத் தின்னும். காலமெல்லாம் வெள்ளாமை செஞ்ச மனுஷனுக்கு அது தெரியாதா?"

பொன்னுத்தாய் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"பொங்கலன்னிக்கு நானும் அதைத்தான் கேட்டேன். 'முதல் நாளே தெரியும் பொன்னு. எனக்காக ரெண்டு பேர் பனியில நிக்கிறீங்களே, அதுக்காகத்தான் எந்திரிச்சேன்'ங்கிறார்."

ரயில் வந்துவிட்டது.

முருகன் பேரைச் சொல்லிக் கேட்கிறேன். உங்கள் தெருவில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், நாளைக் காலையில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள்.