கயிறு நகர்ந்த தூரம்

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்குக் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. அண்டாவைக் கம்பில் கட்டித் தூக்க ஒரே உயரத்தில் இருவர் வேண்டும். சமையற்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருமைநாயகத்தையும் தவசிமுத்துவையும் கைகாட்டினார். அருமைநாயகத்துக்கு முகம் இறுகியது. மகளுக்கு அமைந்த சம்பந்தம் தவசிமுத்து விட்ட ஒரு வார்த்தையால்தான் கலைந்தது. மகள் பிறகு வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாகவே இருக்கிறாள். ஆனாலும் ஒன்பது வருஷமாக, கர்த்தருடைய ஜெபத்தில், பிறர் குற்றத்தை மன்னிக்கிறோம் என்கிற மன்னிப்பு வரி வந்தால் அவர் வாய் தானாக மூடிக்கொள்ளும். அதற்குமேல் எந்த ஜெபமும் ஏறவில்லை. தோளெலும்பு உடைந்து கூடியதைச் சொல்லி விலகியிருக்கலாம். தவசிமுத்து முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. முன்பக்கம் தோள்கொடுத்து எழுந்தபோது உயிர் போய் உயிர் வந்தது. நாலு எட்டு வைத்ததும் பாரம் குறைந்தது. பந்தல்வரை அண்டா பஞ்சுபோல வந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முணுமுணுத்தபடி இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். கயிறு கம்பின் நடுவில் இல்லை. தவசிமுத்துவின் நெஞ்சை ஒட்டிக் கிடந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க அண்டாக் கரி.

"கயித்த ஏன் வே இழுத்தீரு?"

"நா எங்க இழுத்தேன்? அது தானா வழுக்கிட்டு வே" என்றார் தவசிமுத்து, சட்டையைத் தட்டிக்கொண்டே.

சபைப் போதகரான ஐயர் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினார். மன்னிப்பு வரி வந்தது. அருமைநாயகத்தின் வாய் மூடிக்கொள்ளவில்லை, அந்த வரியையும் சேர்த்தே சொன்னது.