போகாத பச்சை

"அப்பா, செவப்பு போயிருச்சு. ஆனா பச்சை வந்து நிக்குதுப்பா!"

மொட்டைமாடி வெயிலில் இருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள் அனுசியா. இது மூன்றாவது தடவை.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். ஏலக்காய்த் தோலை வேகவைத்த சாற்றில் இரும்பு உப்பைக் கலந்தால் கறுப்பாக நானோ துகள் உண்டாகும். அதைச் சாயப்பட்டறையின் சிவப்புக் கழிவுநீரில் போட்டு வெயிலில் வைத்தால் தண்ணீர் தெளிய வேண்டும். பதினோரு மணிக்கு இங்கிருந்தே வீடியோவில் தேர்வுக் குழு முன்னால் தெளிய வைத்துக் காட்டினால்தான் டாக்டர் பட்டம். இப்போதே மணி ஒன்பது.

"பாட்டிலை நல்லாக் கழுவினியா ஆத்தா?" காசிராஜன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மகளைவிட அவருக்குத்தான் அதிகம் வேர்த்தது.

"கழுவிட்டேன்."

"குழாத் தண்ணியில கோளாறு இருக்கும்."

"காய்ச்சி வடிச்ச தண்ணிப்பா."

"அப்ப ஏலத்தோலே வேணாம். வேப்பிலையைப் போட்டுப் பாரேன்."

"வெளையாடாதீங்கப்பா! அஞ்சு வருசமா ஏலத்தோல்லதான் தெளிய வச்சு எழுதியிருக்கேன். இன்னைக்குன்னே நீங்களும் கடையிலேர்ந்து எட்டு எம்எம் பருமனுள்ள மொதத்தரக் காயாப் பொறுக்கிக் குடுத்திருக்கீங்க. கிளி மாதிரி பச்சையா இருக்கு. அதுல என்ன குத்தம் சொல்ல முடியும்?"

அதுவும் சரிதான். போடி ஏலக்காய் பஜாரில் காசிராஜன் கடைக் காய் என்றால் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஹாஸ்டலிலேயே படித்து வளர்ந்த அனுசியா கடைப்பக்கம் போனதில்லை. ஆனாலும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'கலப்படமில்லாத காய் தந்த அப்பாவுக்கு' என்று நன்றி எழுதி, பைண்டிங்கும் போட்டாயிற்று.

மூச்சு வாங்கப் படியேறி வந்தாள் அம்மா காளீஸ்வரி. கையில் அடுப்படி ஏலக்காய் டப்பா.

"இந்தா, இதை உரிச்சுப் போட்டுப் பாரு. வெரசா!"

"அடியே, அதை எதுக்குக் கொண்டாந்தே? வேற சோலி இல்லையா ஒனக்கு?" காசிராஜன் எரிந்து விழுந்தார்.

அனுசியா காதில் வாங்கவில்லை. மளமளவென்று உரித்தாள். மின்னடுப்பில் வேகவைத்தாள். இரும்பு உப்பைக் கலந்து, கழிவுநீரோடு புதுப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்தாள். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. சிவப்பு மெல்ல வெளிறியது. இதோ பச்சை வரப்போகிறது, வந்து தொலையப்போகிறது என்று பயந்தாள். வரவில்லை. பாட்டிலுக்கு அந்தப்பக்கம் அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"தெளிஞ்சிருச்சும்மா!" அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, இங்க வந்து பாருங்க!"

அப்பாவைக் காணோம். எப்போதோ கீழே இறங்கிப் போயிருந்தார்.

அனுசியா டப்பாவை எட்டிப் பார்த்தாள். காய்கள் பொடிசாக, வெளிறி, மஞ்சள் தட்டிக் கிடந்தன.

"ஏம்மா, இதுவும் நம்ம கடைக் காய்தானே? அது மட்டும் ஏன் பச்சை விடுது?"

"இது நம்ம வீட்டுச் செலவுக்கு," என்றாள் காளீஸ்வரி, டப்பாவை மூடியபடி. "சாயம் ஏத்துன காயை நம்ம டீயில போட உங்கப்பா என்னைக்கு விட்டிருக்காரு?"